உங்கள் வீட்டில் யாருக்கும் இரவல் தராத புத்தகம் எது? ஏன்?

எங்கள் தாத்தாவின் வேதப்புத்தகம், அதாவது பைபிள். கறுப்பு அட்டை, தாள் ஓரங்களில் சிவப்புச் சாயம், முதுகில் என் வீட்டுக்காரர் ஒட்டிய சைக்கிள் டியூப் துண்டு. மற்றபடி என் அலமாரியில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். திரும்பி வராது என்று தெரிந்தே கொடுத்துப் பழகியவள் நான். நடுப்பாகம் மட்டும் காணாமல் போன மூன்று பாக நாவல்களே என்னிடம் நாலைந்து இருக்கும்.

எங்களுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரை. அப்பா வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதினார். பொட்டலத் தாளை விரித்துப் படித்த கதை நம் ஊரில் படிக்கிற எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு, அதை விட்டுவிடுகிறேன். என் பிரச்சினை ஞாயிற்றுக்கிழமை.

ஓய்வுநாளில் கதைப் புத்தகம் தொடக்கூடாது என்பது தாத்தா போட்ட சட்டம். கோயிலுக்குப் போய் வந்து (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்போம், குருவானவரை ஐயர் என்போம்), சாப்பிட்டு, பெரியவர்கள் கண்ணயரும் அந்த நீண்ட மத்தியானத்தில் அனுமதி உள்ள ஒரே புத்தகம் இதுதான். சரி, இருப்பதைப் படிப்போம் என்று ஆரம்பித்தேன். பத்து வயதில் நியாயாதிபதிகள் நாலாம் அதிகாரம் கையில் கிடைத்தது. தோற்று ஓடி வந்த படைத்தலைவன் சிசெரா குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். யாகேல் என்ற பெண் பால் கொடுக்கிறாள், போர்த்திவிடுகிறாள், அவன் அயர்ந்து தூங்கியதும் கூடார ஆணியை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுத்தியலால் அடிக்கிறாள். கிளை நூலகத்தில் இருந்த எந்தத் துப்பறியும் நாவலிலும் அப்படி ஒரு காட்சி கிடையாது. அந்த நேரம் பார்த்து எழுந்து வந்த தாத்தா, பேத்தி வேதம் வாசிக்கிறாள் என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அந்தத் தமிழ் வேறு நாக்கில் ஒட்டிக்கொண்டது. 1871-இல் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு திருத்தி வெளியிட்ட மொழிபெயர்ப்பைத்தான் எங்கள் சபைகளில் இன்றைக்கும் வாசிக்கிறார்கள். அதையே படித்து வளர்ந்த பிள்ளை எப்படி எழுதும்? ஆறாம் வகுப்பில் குற்றாலம் போய் வந்த கட்டுரையில் மாமா பதில் சொன்னதை, வேதத்தின் நடையிலேயே, "அதற்கு என் மாமா பிரதியுத்தரமாக" என்று எழுதிவிட்டேன். தமிழ் டீச்சர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். அந்த வருஷம் முழுக்க எனக்குப் பெயரே பிரதியுத்தரம்தான்.

வார நாட்களில் கிளை நூலகம். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் புண்ணியத்தில் இன்றும் வீட்டு வரியோடு நூற்றுக்குப் பத்து ரூபாய் நூலக வரி சேர்ந்து வருகிறது. நான் முகம் சுளிக்காமல் கட்டுகிற ஒரே வரி அது.

புத்தகப் பைத்தியம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்பவர்கள் தாத்தா என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை, ஆச்சி. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணத்துக்கு அப்புறம், வேதத்தில் வரும் சங்கீதப் பாடல்களை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்துக் கற்றவள். அதனால் அவளுக்கு அச்செழுத்து மட்டும்தான் ஓடும். கடிதம் வந்தால் என்னிடம் நீட்டுவாள். எழுத வேண்டி வந்தாலும் அச்சில் இருக்கிற மாதிரியே ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி விட்டு வரைவாள். மளிகைச் சீட்டு எழுதவே ஒரு மணி நேரம் ஆகும்.

வேதப்புத்தகத்தின் முன்பக்கத்து வெற்றுத்தாளில் தாத்தா குடும்பக் கணக்கு வைத்திருந்தார். பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, நித்திரையடைந்த தேதி, எல்லாம் மைப்பேனாவில், நீல மையில், மணிமணியான கையெழுத்து. பதினொரு பேர். அந்தப் பக்கத்தின் அடியில், தையல் ஓரத்தில், பென்சிலில் ஒரு வரி ஒதுங்கிக் கிடக்கும். "பாப்பா. 3 நாள்." இடைவெளி விட்டு விட்டு, அச்செழுத்து.

இது யார் என்று ஒருநாள் ஆச்சியிடம் கேட்டேன். "அது ஒனக்கு அத்தை. பேரு வைக்கல," என்றாள். ஞானஸ்நானம் ஆவதற்குள் போய்விட்ட பிள்ளையை அந்தப் பக்கத்தில் எழுதத் தாத்தாவுக்கு மனசு வரவில்லையா, முறையில்லை என்று நினைத்தாரா, தெரியாது. ஆச்சி தாத்தாவிடம் கேட்காமல் எழுதியிருக்கிறாள். அவர் பார்த்தும் அழிக்கவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை கேட்டது ஒரே கேள்விதான். "என்ன படிக்கீங்க?" நான் அப்போது பாதியில் இருந்த நாவலின் பெயரைச் சொன்னேன். அவர் டிகிரியைக் கேட்டிருக்கிறார். உள்ளே அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கூடத்துக்குக் கேட்டது. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் அவர் படித்து இன்றுவரை நான் பார்த்ததில்லை, அதையும் தம்பிக்காகத்தான் பார்ப்பார். கல்யாணமாகி மூன்றாம் மாதம், பட்டறையில் மிஞ்சிய ஆங்கிள் கம்பிகளை வைத்து எனக்கு ஒரு புத்தக ரேக் அடித்துக்கொண்டு வந்தார். அதை வீட்டுக்குள் கொண்டுவர நாலு பேர் வேண்டியிருந்தது. "ஏன் இவ்ளோ கனம்?" என்றேன். "ஒன் பொஸ்தகம் கூடிட்டேதான போகும்," என்றார். காதல் கதைகளில் ஆண்கள் பேசுகிற வசனங்களை நிறையப் படித்திருக்கிறேன். இது எதிலும் இல்லை.

அம்மா நோயில் விழுந்த வருஷம், சுகமளிக்கும் வசனங்களை எல்லாம் தேடிப் பிடித்து இந்தப் புத்தகத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். அம்மா போன பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து அத்தனை கோட்டையும் ரப்பரால் அழித்தேன். மெல்லிய தாள் அல்லவா, இரண்டு இடத்தில் கிழிந்தே போனது. அப்புறம் புத்தகம் பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது. கோயிலுக்கு இப்போதும் போகிறேன். பாமாலை எடுத்தால் குரல் தானாக வருகிறது. ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடும்போது நான் மூடுவதில்லை, ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை அவிசுவாசம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்கள் ஒரே வீட்டில் இருப்பதில்லையா, அந்த மாதிரி.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது, டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவுக்குள் விடியற்காலை இருட்டில் தண்ணீர் வந்தது. அவர் அரிசி மூட்டையைத் தொடவில்லை. ரேக்கிலிருந்து புத்தகங்களை அள்ளி அள்ளி என்னிடம் கொடுக்க, நான் பரணில் அடுக்கினேன். எல்லாம் ஏறிவிட்டது, நாங்களும் பக்கத்து மாடிக்கு ஏறிவிட்டோம். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் அவர் கேட்டார்.

"தாத்தா பொஸ்தகம் எங்கட்டி?"

புத்தகப் பைத்தியமான எனக்கு அது நினைவிலேயே இல்லை. நாவலை எல்லாம் காப்பாற்றியிருக்கிறேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் படி இறங்கியிருந்தார், இடுப்பளவு தண்ணீரில்.

கொண்டு வந்தபோது அது நனைந்த செங்கல் மாதிரி இருந்தது. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, ஈரம் இழுக்க வைப்பதற்கு உலர்ந்த பேப்பர் ஒன்றுகூட இல்லை. வெள்ளத்துக்குத் தப்பிய ஒரே வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்தார். தென்னை ஈர்க்குச்சியை நுனி மழுக்கி, ஒட்டிப்போன தாள்களுக்கு நடுவே மெல்ல விட்டுப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு துணிப்பட்டை வைத்தார். கம்பியும் நெருப்புமாகப் பழகிய அந்தக் கைகள், முதல் பிரிவான ஆதியாகமம் தாண்டவே ஒரு பகல் எடுத்துக்கொண்டன. நான் பட்டைகளைப் பிழிந்து மாற்றிக்கொண்டிருந்தேன்.

முன்பக்கத்தைப் பிரித்தபோது தாத்தாவின் பதினொரு பேரும் கரைந்து போயிருந்தார்கள். தாள் முழுக்க நீல மேகம். அடியில் தையல் ஓரத்தில் மட்டும், ஒரு எழுத்தும் கலையாமல், "பாப்பா. 3 நாள்."

"பென்சில் அழியாது," என்றார் அவர். பட்டறையில் இரும்பு அளந்து குறிக்கிற அனுபவம். "அதுலயே மத்தவங்களையும் எழுதிருவோமா?"

தாள் காய்ந்து விறைக்க மூன்று வாரம் ஆனது. அப்புறம் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டுத் தேதி கேட்டு, ஆச்சி மாதிரியே இடைவெளி விட்டு, அந்த மேகத்தின் மேலேயே எழுதினேன். ஒன்பது பேர் முடிந்துவிட்டார்கள். சின்னப் பெரியப்பா பிறந்தது ஐப்பசியா கார்த்திகையா என்று இரண்டு அத்தைமாருக்கும் இன்னும் சண்டை நடக்கிறது. கைக்குழந்தையாகப் போன மூத்த பெரியப்பாவின் தேதி யாருக்கும் நினைவில்லை. அந்த இரண்டு வரியைக் காலியாக விட்டு, பென்சிலை உள்ளேயே வைத்திருக்கிறேன்.