திக்குவாயோடு ஜெர்மனி வந்த தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையிலிருந்து ஷ்டுட்கார்ட்டுக்கு நர்ஸாக வந்திருக்கிறீர்கள். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையை ஜெர்மனில் சொல்லி ஒப்படைக்க வேண்டும், வாய் திக்குகிறது. எவ்வளவோ ஜெபித்தும் சரியாகவில்லையே, என் விசுவாசம் குறைவா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லவே இல்லை. எனக்கும் சின்ன வயதிலிருந்தே திக்குவாய்தான். இன்றும் இருக்கிறது, அதோடுதான் இங்கே வார்டில் வேலை பார்க்கிறேன்.

யாத்திராகமம் 4-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்கிறார் மோசே. கர்த்தர் அந்த நாவைச் சரியாக்கினதாக அங்கே ஒரு வரிகூட இல்லை. "நான் உன் வாயோடே இருந்து" என்று வாக்குக் கொடுக்கிறார். அப்புறமும் மோசே தயங்கவே, அண்ணன் ஆரோனைத் துணைக்குத் தருகிறார். பவுலும் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. நம் சபைகளில் சுகம் கிடைத்தவர்களின் சாட்சியையே கேட்டு வளர்ந்துவிட்டோம். அதனால் சுகம் வராதவர்கள் தங்களையே குற்றவாளியாக நினைத்துக் குமைகிறார்கள். எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

உங்களுக்கும் இங்கே ஆரோன்கள் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டு டாக்டரிடம் சொன்னால் பேச்சுப் பயிற்சிக்கு, 'லோகோபெடி' என்பார்கள், சீட்டு எழுதித் தருவார். பொதுக் காப்பீட்டில் இருந்தால் செலவில் 10 சதவீதமும், ஒரு சீட்டுக்கு 10 யூரோவும் நாம் கட்ட வேண்டும். B2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் பதியும்போதே மருத்துவச் சான்றைக் கொடுத்து, பேச்சுப் பகுதிக்குக் கூடுதல் நேரம் கேளுங்கள்.

வார்டில் முதல் வேலையாக "இஷ் ஷ்டொட்டரெ, ஐனன் மொமென்ட் பிட்டெ" என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் திக்கும், ஒரு நிமிடம் கொடுங்கள், அவ்வளவுதான். மறைக்க மறைக்கத்தான் தொண்டை இறுகும். இந்த மொழியில் 24 என்பதை நாலும் இருபதும் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு அறை எண்ணிலேயே நாக்கு பூட்டிக்கொள்ளும். தாளில் எண்ணைப் பெரிதாக எழுதி, விரலை வைத்துக் காட்டிக்கொண்டே சொல்வேன். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

இன்னொன்று. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் பாடும்போதும் திக்குகிறவர்களில் பெரும்பாலோருக்குத் திக்குவதில்லை. பேச்சு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. ஆனாலும் ஆராதனையில் சங்கீதத்தை எல்லோரோடும் தடையில்லாமல் சொல்லி முடிக்கிற ஒவ்வொரு முறையும் நான் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். பக்கத்தில் உள்ள ஜெர்மன் ஆலயத்துக்கும் போங்கள். 23-ஆம் சங்கீதம் தமிழில் உங்களுக்கு மனப்பாடம்தானே? பொருள் தெரிந்திருப்பதால் ஜெர்மன் சொற்கள் சீக்கிரம் பிடிபடும். அறையில் தினமும் சத்தமாக வாசியுங்கள், திக்கினால் திக்கட்டும்.

என்னிடம் லூதர் மொழிபெயர்ப்பில் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. முகவரி அனுப்புங்கள், இந்த வாரமே தபாலில் போட்டுவிடுகிறேன்.