யூதர்கள் மேல் ஏன் இத்தனை பழி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். ஹிட்லர் பாடம் வரும்போதெல்லாம், "அவனுக்கு ஏன் சார் யூதர்கள் மேல் அவ்வளவு கோபம்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். ஹிட்லரிடமிருந்து தொடங்கினால் அதற்குப் பதில் கிடைக்காது. அதனால்தான், அவனுக்கு முந்தைய காலத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

ஓர் ஆசிரியை: இந்த வெறுப்பு இயேசு காலத்தில்தான் தொடங்கியதா சார்?

உரசல் அதற்கு முன்பே இருந்தது. சனிக்கிழமை வேலை செய்ய மாட்டார்கள், பன்றிக்கறி தொட மாட்டார்கள், அடுத்தவர் தெய்வத்துக்குப் பலி கொடுக்க மாட்டார்கள். கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் இதெல்லாம் எரிச்சல். கி.பி. 38இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூதர்களின் வீடுகளையும் தொழுகைக்கூடங்களையும் ஒரு கும்பல் சூறையாடியது. ஆனால் எரிச்சல் வேறு, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பழி வேறு. "கடவுளைக் கொன்றவர்கள்" என்ற பழி, கிறிஸ்தவம் தனி மதமாகப் பிரிந்த பிறகு வந்தது.

ரோமப் பேரரசின் அந்தியோக்கியா நகரத்தில் 386, 387ஆம் ஆண்டுகளில் யோவான் கிறிசோஸ்தம் என்ற புகழ்பெற்ற போதகர் யூதர்களைத் திட்டி வரிசையாகப் பிரசங்கம் செய்தார். அவர் ஏன் கொதித்தார் தெரியுமா? அவருடைய சபை மக்களே யூதர்களின் பண்டிகைக்கு ஆசையாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். சாதாரண ஜனங்கள் ஒட்டி உறவாடியதைப் பிரிப்பதற்காகப் பேசிய பேச்சு அது. பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பேச்சு மட்டும் மிஞ்சியது.

திருச்சி வாசகர்: எங்கள் ஊர் பாஸ்குவில், அதாவது இயேசுவின் பாடுகளை நடிக்கும் நாடகத்தில், நானே யூதர் கூட்டத்தில் நின்று "சிலுவையில் அறையும்" என்று கத்தியிருக்கிறேன். வேதத்திலேயே அப்படித்தானே இருக்கிறது?

நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. இயேசு யூதர். மரியாள் யூதப் பெண். பன்னிரண்டு சீடர்களும் யூதர்கள். சிலுவையில் அறைவது ரோமானியர்களின் தண்டனை; தீர்ப்பு சொன்ன பிலாத்து ரோம ஆளுநர். மத்தேயு 27:25இல் அந்தக் கூட்டம், இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்கிறது. ஒரு நாள் காலையில் ஒரு முற்றத்தில் நின்றவர்கள் சொன்னதை, உலகத்திலுள்ள எல்லா யூதர்களும் என்றென்றைக்கும் எழுதிக்கொடுத்த வாக்குமூலமாக ஐரோப்பா வாசித்தது. புனித வெள்ளி வந்தாலே யூதர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டிய ஊர்கள் இருந்தன. அன்றிருந்த எல்லா யூதர்கள் மேலும், இன்றிருப்பவர்கள் மேலும் இந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை வெளிப்படையாக அறிவித்தது 1965இல்தான்.

ஒரு வியாபாரி: அவர்கள் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்ததுதான் காரணம் என்கிறார்களே ஐயா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். இந்தப் "பாதி உண்மை"தான் அதிகம் கெடுத்திருக்கிறது.

கிறிஸ்தவன் கிறிஸ்தவனிடம் வட்டி வாங்குவது பாவம் என்றது திருச்சபை. கைத்தொழில் சங்கங்களில் யூதர்களுக்கு இடமில்லை. நிலம் வைத்துக்கொள்ளப் பல இடங்களில் வழியில்லை. ஆனால் ராஜாவுக்கும் பிரபுவுக்கும் மடாலயத்துக்கும் கடன் வேண்டும். யூதர்களில் ஒரு பகுதியினர் அந்தத் தொழிலுக்குள் வந்தது இப்படி. அந்தப் பணமும் முழுக்க அவர்களுடையது அல்ல. இங்கிலாந்தில் யூதர்கள் அரசனின் உடைமை; நினைத்தபோது வரி போட்டுக் கறப்பான். லிங்கன் நகரத்தைச் சேர்ந்த ஆரோன் என்ற பெரிய வட்டிக்காரர் 1186இல் இறந்ததும் சொத்து முழுவதையும் அரசன் எடுத்துக்கொண்டான். அவருக்கு வரவேண்டிய கடன்களை வசூலிக்கவே தனி அலுவலகம் போட்டார்கள். வசவு யூதருக்கு, வரவு அரசனுக்கு.

அப்புறம் அதே இங்கிலாந்தின் யார்க் நகரம். 1190 மார்ச் 16, வெள்ளிக்கிழமை. சுமார் 150 யூதர்கள் குடும்பத்தோடு அரசனின் கோட்டைக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அது மரத்தால் ஆன கோபுரம். வெளியே கும்பல். பிடிபடுவதைவிடச் சாவது மேல் என்று பலர் தங்கள் மனைவி மக்களைத் தாங்களே கொன்று தாங்களும் இறந்தார்கள். மறுநாள் காலை, மதம் மாறுகிறோம் என்று சொல்லி, உயிர் தப்பலாம் என்று நம்பி வெளியே வந்தவர்களையும் கும்பல் விடவில்லை. அதோடு நிற்காமல் நேராகப் பேராலயத்துக்குப் போனார்கள். கடன் பத்திரங்கள் அங்கேதான் பாதுகாப்பில் இருந்தன. அவற்றை வெளியே எடுத்து, கோயிலுக்குள்ளேயே போட்டுக் கொளுத்தினார்கள். முன்னால் நின்றவர்களில் யூதர்களிடம் பெரும் கடன் பட்டிருந்த பிரபுக்களும் உண்டு.

நான்கு ஆண்டு கழித்து அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்தது: இனிமேல் ஒவ்வொரு கடன் பத்திரத்துக்கும் இரண்டு நகல், ஒன்று பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். அடுத்த முறை பத்திரம் எரியாமல் இருக்க வழி செய்தார்கள். ஆட்கள் எரியாமல் இருக்க இல்லை. 1275இல் வட்டித் தொழிலையும் தடை செய்து, 1290இல் எல்லா யூதர்களையும் நாட்டைவிட்டே விரட்டினார்கள்.

கல்லூரி மாணவர்: பிளேக் நோய்க்கும் யூதர்களுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை தம்பி. 1348இல் ஐரோப்பாவில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், காரணம் யாருக்கும் தெரியவில்லை. யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று கதை கிளம்பியது. சவோய் பகுதியில் சிலரைச் சித்திரவதை செய்து "ஒப்புதல்" வாங்கி, அதை ஊர் ஊராக அனுப்பினார்கள். யூதர்களும் இதே நோயில்தானே சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளெமென்ட் எழுத்து மூலமாகவே சொன்னார். கேட்பாரில்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தை எடுத்துக்கொள். அங்கே நகரசபை யூதர்களைக் காப்பாற்றத்தான் பார்த்தது. 1349 பிப்ரவரியில் தொழில் சங்கத்தார் அந்தச் சபையையே கவிழ்த்தார்கள். பதினான்காம் தேதி, சனிக்கிழமை, யூதர்களின் இடுகாட்டிலேயே மரமேடை கட்டி அவர்களை எரித்தார்கள். ஞானஸ்நானம் பெற ஒப்புக்கொண்டவர்கள் தப்பினார்கள். நோய் அப்போது அந்த ஊருக்கு வந்து சேரவே இல்லை! கடன்கள் ரத்தாயின, அடகுப் பொருட்கள் திரும்பின, ரொக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யூதர்களைக் கொன்ற விஷம் அந்தப் பணம்தான் என்று அந்த ஊர்க் குறிப்பாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் எல்லாம் பணம்தான் என்று முடித்துவிடாதே. பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு ஊறிய கதை இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரனை எரிக்கக் கை துணியாது.

ஒரு வாசகி: "கெட்டோ" என்ற சொல் எங்கிருந்து வந்தது?

வெனிஸ். 1516இல் யூதர்களை ஒரு தீவுக்குள் ஒதுக்கினார்கள். முன்பு அங்கே வார்ப்புப் பட்டறை இருந்தது; அதன் பெயர்தான் இது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். இரவில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள். காவல்காரர்களுக்குக் கூலி? உள்ளே பூட்டப்பட்ட யூதர்களே கொடுக்க வேண்டும்.

மதுரை வாசகர்: உலகத்தை ஆள யூத மூப்பர்கள் போட்ட ரகசியத் திட்டம் என்று ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. உண்மையா?

கலப்படமில்லாத பொய். 1903இல் ரஷ்யாவில் ஒரு செய்தித்தாளில் முதலில் வந்தது. அது வேறொரு நூலிலிருந்து பக்கம் பக்கமாகத் திருடியது என்று 1921இல் லண்டன் "டைம்ஸ்" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. மூலம், 1864இல் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய அரசியல் நூல். அதில் யூதர்களின் சதி என்ற பேச்சே இல்லை. குழுவில் இதை எழுதிப் போடுங்கள். அனுப்பியவர் பெரியவராக இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

மற்றொரு மாணவர்: மதப் பகை எப்போது இனப் பகையாக மாறியது?

முதல் தடயம் ஸ்பெயினில். 1449இல் டொலேடோ நகரம், மதம் மாறிய யூதர்களின் வழிவந்தவர்களுக்கும் பதவி கிடையாது என்றது. ஞானஸ்நானம் பெற்றாலும் இரத்தம் மாறாதாம். 1879இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் என்பவர் யூத எதிர்ப்புக்கு "ஆன்டிசெமிட்டிசம்" என்ற சொல்லைப் பரப்பினார். மதம் என்று சொன்னால் பழைய பஞ்சாங்கம், இனம் என்றால் விஞ்ஞானம் போல ஒலித்தது. மதம் மாறித் தப்பும் வழியும் அதோடு அடைபட்டது.

ஒரு வாசகர்: இஸ்ரேல் அரசைக் கண்டித்தால் அதுவும் யூத வெறுப்பா?

ஓர் அரசு செய்வதைக் கண்டிப்பது வெறுப்பு அல்ல. அதற்காக எங்கோ பாரிஸில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் யூதரைப் பொறுப்பாக்கினால், அது மத்தேயு 27:25ஐ வாசித்த அதே பழைய வாசிப்பு.

நாகர்கோவில் வாசகி: நம் பக்கம் எப்படி?

கொச்சி யூதர்களின் செப்பேடு ஒன்று இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. வட்டெழுத்தில் இருக்கிறது, மொழி நமக்குக் காதில் பழகியதுதான். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமை, பகல் விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காளம் என்ற ஊதுகொம்பு, தோரணம் என எழுபத்திரண்டு உரிமைகள். அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கும், உலகமும் சந்திரனும் உள்ள வரைக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.