நெல் இலையில் புள்ளி: குலை நோயா, செம்புள்ளியா?

கேள்வி: சம்பாவில் பி.பி.டி. 5204 நட்டு 40 நாளாகிறது. இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. மருந்துக் கடையில் குலை நோய் என்கிறார்கள், பக்கத்து வயல்காரர் செம்புள்ளி என்கிறார். எதை நம்புவது?

பதில்: இந்த ரகம் குலை நோய்க்கு எளிதில் ஆட்படும். அதனால் கடைக்காரரின் சந்தேகம் நியாயமானதே. ஆனால் இரண்டுமே பூஞ்சாண நோய்கள், புள்ளியைப் பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள்.

குலை நோய்ப் புள்ளி கண் வடிவில் இருக்கும். இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் தெரியும். செம்புள்ளி எள் அளவில், முட்டை வடிவில், முனை கூராமல், பெரும்பாலும் மஞ்சள் வளையத்தோடு இருக்கும். தொடக்கத்தில் இரண்டுமே ஊசிமுனைப் புள்ளிதான், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வயலில் நாலைந்து இடத்தில் முதிர்ந்த புள்ளிகளைப் பாருங்கள்.

இன்னும் குழப்பமா? புள்ளியுள்ள இலைத் துண்டுகளைக் கழுவி, ஈரத் தாள் விரித்த டப்பாவில் மூடி ஒரு நாள் வையுங்கள். குலை நோயானால் புள்ளியின் நடுவில் சாம்பல் நிறப் பூசணம் மெல்லப் படரும். அந்த டப்பாவை வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போனால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள்: குலை நோய்ப் பூஞ்சாணத்தின் வித்து (அது பரவ உதவும் நுண்ணிய துகள்) பேரிக்காய் வடிவில் மூன்று அறையோடும், செம்புள்ளி வித்து நீண்டு வளைந்து பல அறையோடும் இருக்கும்.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. குலை நோய் தழைச்சத்து மிகுந்த பயிரில் பெருகும். ஆகவே யூரியா மேலுரத்தை உடனே நிறுத்திவிட்டு, ட்ரைசைக்ளசோல் 75% என்ற பூஞ்சாண மருந்துத் தூள் ஏக்கருக்கு 200 கிராமை 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்க வேண்டும். செம்புள்ளியோ சத்துக் குறைந்த மண்ணில், குறிப்பாகச் சாம்பல் சத்து (பொட்டாஷ்) பற்றாத வயலில் வரும். அங்கே மண்ணைப் பரிசோதித்துப் பொட்டாஷைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் அடித்தால் புள்ளி திரும்ப வரும்.

நீர்மட்டத்தருகே, தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையில் பாம்புத் தோல் போலத் திட்டுகள் இருந்தால் அது இலையுறைக் கருகல், வேறு பூஞ்சாணம். இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சளாகக் காய்ந்து வந்தால் இலையை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போல் கசிந்தால் அது பாக்டீரியா. பூஞ்சாண மருந்து பலிக்காது.

கதிர் வந்தபின் வெளுத்து நின்றால் இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கையோடு வந்தால் தண்டுத் துளைப்பான் புழுவின் வேலை. வராமல் கழுத்துக் கணு கறுத்து ஒடிந்தால் கழுத்துக் குலை நோய்.