சிறுவர் குறும்படங்களில் ஏன் பெரும்பாலும் வீடும் குடும்பமுமே வருகின்றன?

குறும்படம் என்பது ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் சின்னக் கதை. ஆஸ்கார் விதிப்படி பெயரோட்டத்தையும் சேர்த்து 40 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. சிறுவருக்கென்றால் பத்து நிமிடமே தாராளம்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு வீடும் வளவும்தான் உலகம். அங்கே நடப்பதை யாரும் விளக்கத் தேவையில்லை, கதை உடனே தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை, விழுந்த பல்லைக் கனடாவில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டுகிறாள் என்று வையுங்கள். இணைப்பு தடைப்பட்டு, திரையில் அப்பாவின் முகம் உறைந்துபோகிறது. அவள் பல்லைத் திரையோடு ஒட்டிப் பிடித்தபடியே நிற்கிறாள். பிரிவு என்ற சொல்லே வேண்டாம், பிள்ளைக்கு விளங்கிவிடும். கமராவையும் அவள் கண் உயரத்துக்கு இறக்கி வைத்தால் இன்னும் நல்லது.

முழுநீளப் படம் வாழையிலை விருந்து என்றால், குறும்படம் அம்மம்மா குழைத்து உள்ளங்கையில் வைக்கும் ஒரு கவளம். சோறும் கறியும் அதற்குள்ளேயே இருக்கும்.

அப்புறம், பிள்ளைகள் நடித்தாலே அது சிறுவர் படம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பிள்ளையின் பார்வையிலிருந்து, பிள்ளைக்கு விளங்கும்படி சொன்னால்தான் அது சிறுவர் படம்.