விடிந்தால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் கார்
வாசகர் கேள்வி – பதில்: ஏர் சஸ்பென்ஷன்

பழைய சொகுசு கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களின் கேள்விகளில், ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் காரைத் தாங்கும் முறை) தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: 2004-ம் வருச பென்ஸ் எஸ் 350 வண்டிங்க. பொழுதோட நிறுத்தறப்ப நேராத்தான் நிக்குது. விடியக்காலம் பார்த்தா முன்னாடி இடது பக்கம் மட்கார்டு டயர் மேல உட்கார்ந்திருக்குது. ஸ்டார்ட் பண்ணி சித்த நேரம் விட்டா எந்திரிச்சுக்குது. பட்டறையில கம்ப்ரஸர் போச்சு, மாத்தோணும்னு சொல்றாங்க. மாத்திரலாமுங்களா?
– வாசகர், பெருந்துறை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஸ்டார்ட் செய்ததும் கார் எழுந்து நிற்கிறது என்றால் கம்ப்ரஸர் உயிரோடுதான் இருக்கிறது. காற்றை ஏற்றுவதுதான் அதன் வேலை. ஏறிய காற்றைப் பிடித்து வைப்பது, எல்லாச் சக்கரங்களின் வால்வுகளும் ஒன்றாக இருக்கும் வால்வு பிளாக். என்ஜின் நின்றதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் உரிய சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் இயங்குவது) மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஒரு மூலை மட்டும் இறங்கினால் காற்று மூன்று வழிகளில்தான் போக முடியும்: அந்த மூலையின் ஸ்ட்ரட் (ரப்பர் காற்றுப் பையோடு காரைத் தாங்கும் தூண்), அதற்குப் போகும் குழாய், வால்வு பிளாக்கில் அந்தச் சக்கரத்துக்கான வால்வு.

முதலில் அளந்து பாருங்கள். சமமான தரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் இருக்கும் சுமையை இறக்கிவிடுங்கள். போர்டிகோ தரை பெரும்பாலும் வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே அளந்தால் கணக்கு தவறும். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, காலையில் ஒரு முறை அளக்க வேண்டும். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். கதவைத் திறந்தால் சஸ்பென்ஷனை இயக்கும் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட் விழித்துக்கொண்டு உயரத்தை மாற்றக்கூடும்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, ஸ்பிரே பாட்டிலில். கார் முழு உயரத்தில் நிற்கும்போது ஸ்ட்ரட்டின் தலையில் குழாய் சேரும் இடம், ரப்பர் பை, வால்வு பிளாக்கின் இணைப்புகள் என்று ஒவ்வொன்றாக அடியுங்கள். பெரிய கசிவு உடனே நுரைக்கும். ராத்திரி முழுக்க மெதுவாக இறங்கும் கசிவு, மூன்று நான்கு நிமிடம் கழித்துத்தான் வெள்ளையாக ஒரு சிறு குமிழ்க் கூட்டமாகத் தெரியும். டார்ச் வைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ரப்பர் பை வெடிப்பது பெரும்பாலும் கீழே அது மடிந்து உருளும் இடத்தில். அந்த இடத்தைப் புழுதி உறை மூடியிருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டியை உயர்த்தும் பொத்தானை அழுத்தி மேல் நிலைக்குக் கொண்டுபோனால் மடிப்பு விரிந்து வெடிப்பு வெளியே வரும். சில பைகள் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே கசியும். மேல் நிலையில் ஒரு ராத்திரி, சாதாரண நிலையில் ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்பது நல்லது.

எங்கேயும் நுரைக்கவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் வால்வு பிளாக்குக்கு உள்ளே சந்தேகம் வரும். உள் கசிவு சோப்புக்குத் தெரியாது. இதற்கு ஒரு நம்பகமான சோதனை உண்டு. நியூமேட்டிக் சாமான் விற்கும் கடையில் குழாயின் வெளி விட்டத்துக்கு ஏற்ற சிறிய ஷட்-ஆஃப் வால்வு ஒன்று வாங்கி, பிளாக்குக்குப் பக்கத்தில் அந்த ஸ்ட்ரட் குழாயின் நடுவே பொருத்துங்கள். காரை ஏற்றி, என்ஜினை நிறுத்தி, ஷட்-ஆஃபை மூடிவிட்டு ராத்திரி விடுங்கள். அப்படியும் இறங்கினால் கோளாறு ஸ்ட்ரட்டிலோ அதன் பக்கத்துக் குழாயிலோ. இறங்காமல் நின்றால் வால்வு பிளாக். ஷட்-ஆஃபை மூடியபடி வண்டியை ஓட்டவே கூடாது. குழாயில் கை வைப்பதற்கு முன் காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவது கட்டாயம். காற்றை மட்டும் நம்பி நிற்கும் காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. குழாய் கழன்றால் இரண்டு டன் வண்டி ஒரே நொடியில் இறங்கும்.

கம்ப்ரஸரைப் பட்டறைக்காரர் சந்தேகப்படுவதிலும் ஒரு காரணம் இருக்கிறது. கசிவு நீடித்தால் அதைத்தான் கடைசியில் கொல்லும். இறங்கிய காற்றை ஈடுகட்ட அது திரும்பத் திரும்ப ஓடுகிறது; சூடேறுகிறது; பிஸ்டன் வளையம் தேய்கிறது. இன்னொரு சங்கதியும் உண்டு. கம்ப்ரஸரோடு சேர்ந்த டிரையரில் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. கார் தாழும்போது வெளியேறும் உலர்ந்த காற்று அந்த டிரையர் வழியே திரும்பிப் போய் மணிகளைக் காயவைக்கும். காற்று எல்லாம் கசிவு வழியே போய்விட்டால் மணிகள் காய்வதே இல்லை. ஈரம் வால்வு பிளாக்குக்குள் போய்ச் சேருகிறது, மணிகள் பொடியாகின்றன. பிளாக்கில் குழாயைக் கழற்றும்போது வெள்ளைப் பொடி தெரிந்தால் நோய் முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் இதே வழியில்தான் போகும்.

ஆகவே கசிவைச் சரிசெய்த பிறகு கம்ப்ரஸரைச் சோதியுங்கள். உங்கள் மாடலில் அது முன் வலது சக்கரத்துக்கு முன்னால், லைனருக்கு (சக்கரக் குழியின் உள் உறைக்கு) பின்னால் இருக்கிறது. அதன் வெளியேற்றுக் குழாயில் அழுத்தமானி மாட்டி ஓட்டினால் 10 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தயங்காமல் தாண்ட வேண்டும். 5, 6 பாரில் முனகிக்கொண்டு நின்றால் மாற்றலாம். மாற்றும்போது கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்து, பேட்டரியையும் தீர்த்து, தானும் கருகும். 40 ஆம்பியர் ஃப்யூஸ் எரிந்தால் அதற்குப் பதிலாகக் கம்பி சுற்றுவதை அடியோடு விடுங்கள்.

புதிய ஸ்ட்ரட் போடுபவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: சக்கரத்தில் எடை விழுவதற்கு முன் அதில் காற்று ஏற வேண்டும். காலிப் பையின் மேல் வண்டியை இறக்கினால் மடிப்பு தாறுமாறாக நசுங்கி, புதுப் பையே கிழியும்.

கேள்வி: எங்களுது பழைய ரேஞ்ச் ரோவருங்க. ரெண்டு நாள் நிறுத்தினா நாலு பக்கமும் சமமா இறங்கிப் போகுது. நாலு ஏர் பையும் ஒண்ணா போகுமுங்களா?
– வாசகி, கரூர்

பதில்: பெரும்பாலும் போகாது. இந்த வகை வண்டிகளில் நிறுத்தி வைத்த பிறகும் கன்ட்ரோல் யூனிட் சில மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு மற்ற மூன்றையும் இறக்கி வண்டியைச் சமமாக்கும். கசிவது ஒன்று, இறங்குவது நான்கு. நிறுத்தியதும் ஏர் சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உண்மையான குற்றவாளி மட்டும் தாழ்ந்திருக்கும். அந்த மூலையில் சோப்புத் தண்ணீரைத் தொடங்கலாம்.

கேள்வி: வண்டி மேட்டுப்பாளையத்துல ஒரு குறையும் இல்லாம நிக்குதுங்க. மார்கழியில ஊட்டிக்குப் போய் ராத்திரி தங்கினா காலையில இறங்கியிருக்குது. கீழ வந்தா மறுபடி சரியாயிருது. இது கோளாறுங்களா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: எவ்வளவு இறங்குகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. அடிவாரத்தில் 33 டிகிரி, ஊட்டி விடியற்காலையில் 3 டிகிரி என்று வையுங்கள். கெல்வினில் இது 306-லிருந்து 276. வண்டியின் எடை மாறாததால் பைக்குள் அழுத்தமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காற்றின் கனஅளவுதான் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் நான்கு பக்கமும் ஒரே அளவாக ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்தால் அது இயற்பியல், பழுது இல்லை.

ஒரு மூலை மட்டும் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் போனால் கதை வேறு. குளிரில் ரப்பரும், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளும் இறுகும். சமவெளியில் ஒட்டிக்கொண்டிருந்த தேய்ந்த ஓ-ரிங் அங்கே வழி விடும். இது ஆரம்பக் கசிவு. அடுத்த வருடம் மேட்டுப்பாளையத்திலேயே தெரியும். காலையில் கார் எழுந்திருக்க நேரம் எடுத்தால் பதற வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் உங்கள் ஊரில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான், கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். முழுதாக எழும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள்.

கேள்வி: தோட்டத்துச் சாளையில நிறுத்துன ஆடி காருங்க. எலி ஏர் குழாயைக் கடிச்சிருச்சு. முழுக் குழாயையும் மாத்தோணுங்களா?
– வாசகர், ஆனைமலை

பதில்: தேவையில்லை, ஒட்டுப்போடலாம். கடித்த இடத்துக்கு இரு பக்கமும் நல்ல குழாய் வரை வெட்டுங்கள். கத்தரியில் வெட்டினால் வாய் நசுங்கும். குழாய் வெட்டும் கட்டரில் செங்குத்தாக வெட்ட வேண்டும். இணைப்புக்கு நெசவு மில்களுக்குச் சாமான் கொடுக்கும் நியூமேட்டிக் கடைகளில் கிடைக்கும் பித்தளை புஷ்-ஃபிட் ஜாயின்ட் (குழாயை அழுத்திச் செருகினாலே பிடித்துக்கொள்வது) போதும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பிளாஸ்டிக் ஜாயின்ட்டுகள் பல 10 பாருக்குத்தான் தாங்கும். கம்ப்ரஸர் லைனில் அதற்கு மேல் ஏறும் என்பதால் 16 பாரும் அதற்கு மேலும் தாங்குவதாக வேண்டும். துண்டுக் குழாய் வேண்டுமென்றால் நீல நிற, வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் குழாய் வேண்டாம். என்ஜின் சூட்டில் அது தளர்ந்துவிடும். கெட்டியான பாலிஅமைடு குழாய் கேளுங்கள். குழாய் எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடு மறையும்வரை அழுத்துங்கள். பிறகு சோப்புத் தண்ணீர்.

கேள்வி: என் பென்ஸ் இ-கிளாஸ்ல முன்னாடி வலது பக்கம் நாலு சென்டிமீட்டர் ஒசரமா நிக்குதுங்க. ஸ்ட்ரட் மாத்தச் சொல்றாங்க.
– வாசகர், திருப்பூர்

பதில்: கசிவு காரைத் தாழ்த்தும், ஒருபோதும் உயர்த்தாது. ஸ்ட்ரட்டை விட்டுவிட்டு, காரின் உயரத்தை அளந்து சொல்லும் லெவல் சென்சாரைப் பாருங்கள். இந்த வண்டியில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. சென்சார் கையையும் சஸ்பென்ஷன் ஆர்மையும் இணைக்கும் சின்ன லிங்க் ராடின் பந்து முனை துருப்பிடித்துக் கழன்றிருந்தால், வண்டி தாழ்ந்திருக்கிறது என்று கன்ட்ரோல் யூனிட் நினைத்துக் காற்றை ஏற்றிக்கொண்டே போகும். ராட் நன்றாக இருந்தால் மல்டிமீட்டர் எடுங்கள். பொதுவாக 5 வோல்ட் சப்ளை இருக்கும். கையை மெதுவாக அசைத்தால் சிக்னல் நடுவில் குதிக்காமல், அறுபடாமல் ஏறி இறங்க வேண்டும். சென்சார் மாற்றினால் ஸ்கேனரில் உயரத்தைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் புதிய சென்சாரோடும் வண்டி கோணலாகவே நிற்கும்.

கேள்வி: ஏர் வேண்டாம், எல்லாத்தையும் எடுத்துட்டு காயில் ஸ்பிரிங் போட்டுக்கலாமுங்களா?
– வாசகர், நாமக்கல்

பதில்: போடலாம். ஆனால் ஒரே ஒரு மூலை கசிகிறது என்பதற்காகப் போட வேண்டாம். சுமை ஏறினாலும் பின்பக்கம் தாழாமல் இருப்பது, சாலைக்கு ஏற்ப டேம்பிங் (குலுக்கலை அடக்கும் அளவு) மாறுவது, வேகத்தில் தாழ்ந்து ஓடுவது எல்லாம் போய்விடும். அந்தக் காரை வாங்கியதே அந்தச் சொகுசுக்காகத்தான். நான்கு ஸ்ட்ரட்டும் வால்வு பிளாக்கும் கம்ப்ரஸரும் ஒன்றாகப் போய், செலவு காரின் விலையைத் தொடும் நிலையில் மட்டும் யோசியுங்கள். அப்படிப் போட்டாலும் லெவல் சென்சார்களைக் கழற்றி எறிய வேண்டாம். செனான் ஹெட்லைட்டின் தானியங்கி உயரச் சரிசெய்தலுக்கு அவை தேவைப்படலாம். டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கை அணைக்க பல்பைப் பிடுங்காமல், கன்ட்ரோல் யூனிட்டுக்கு முறையாக கோடிங் செய்பவரிடம் போங்கள்.

கேள்வி: 2003 சி.எல். 500. இதுவும் ராத்திரியில இறங்குது, அடியில பச்சையா எண்ணெய் சொட்டுதுங்க.
– வாசகர், கோவை

பதில்: உங்கள் வண்டியில் ஏர் சஸ்பென்ஷனே இல்லை. அது ஏ.பி.சி. எனப்படும் ஹைட்ராலிக் முறை. இரும்பு ஸ்பிரிங்கின் மேல் எண்ணெய் அழுத்தம் வேலை செய்கிறது. அந்தப் பச்சைத் திரவம் அதனுடையது. சாதாரண பவர் ஸ்டீயரிங் எண்ணெய் ஊற்றி ஈடுகட்டாதீர்கள். அழுத்தம் 200 பார் வரை போகும். என்ஜின் ஓடும்போது கசியும் ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசிபோலத் தோலுக்குள் இறங்கிவிடும். அளவு குறைந்திருந்தால் ஓட்ட வேண்டாம், காய்ந்து ஓடினால் பம்ப் போய்விடும். டிரக்கில் ஏற்றி, ஏ.பி.சி. தெரிந்த பட்டறைக்கே கொண்டுபோங்கள்.