குத்தகை வயலுக்கு வரும் நிவாரணம் யார் கணக்குக்குப் போகும்?

கேள்வி: ஐயா, வெளியூரில் இருக்கிற ஒருவரின் ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டேன். கதிர் வெளியே வரும் முன், தொண்டைக்கதிர் சமயத்தில் மழை பிடித்து, ஏழு நாள் தண்ணீருக்குள் கிடந்து பயிர் அழுகிவிட்டது. கணக்கெடுக்க வரப்போகிறார்களாம். பட்டா அவர் பேரில் இருக்கிறது. நிவாரணம் எனக்குக் கிடைக்குமா? எவ்வளவு வரும்?
- வாசகி, திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2020 கடைசியில் நிவர் புயலும் அதன் பின்னாலேயே புரெவியும் வந்தபோது நான் கிராம நிர்வாக அலுவலர். பட்டாவைப் பார்த்து அவசர அவசரமாக எழுதிக்கொண்டு போனேன். ஒரு வரப்பில் அழுகின பயிரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். "நான்தாங்க குத்தகைக்குப் பண்றேன்" என்றார். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் எந்த வயலில் யார் பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் அவர் பெயர் இல்லை. நானும் மாற்றி எழுதவில்லை. அரசு அப்போது ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் கொடுத்தது. அந்தப் பணம் பட்டாதாரர் கணக்கில் ஏறியது. நட்டவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அது என் தவறு.

அதனால்தான் சொல்கிறேன், கணக்கெடுப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே உங்கள் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். இந்தப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கலில் அந்தப் புல எண்ணுக்குச் சாகுபடி செய்பவர் யார் என்று எழுதியிருக்கிறது எனக் கேளுங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் எழுத்தில் மனு கொடுங்கள். நீங்கள் குத்தகை செலுத்திய ரசீது, உரம் வாங்கின பில், பக்கத்து வயல்காரர் இருவரின் கையெழுத்து, எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். நில உடைமையாளரிடம் நாலு வரி ஒப்புதல் வாங்க முடிந்தால் வேலை பாதி முடிந்தது. பல பேர் அதைக் கொடுக்கப் பயப்படுவார்கள், குத்தகை உரிமை பதிவாகிவிடுமோ என்று. 1969 ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவது தனி நடவடிக்கை. இந்த ஒரு போக நிவாரணத்துக்கான கடிதம் வேறு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வரும் அன்று வேறு எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு வயலில் நில்லுங்கள். தண்ணீர் நின்றபோதே செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் காட்டுங்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்று எழுதினால்தான் பட்டியலில் சேரும்.

தொகை, 2022 முதல் 2026 வரைக்குமான பேரிடர் நிதி விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். மாவுக்கு 33 சென்ட் என்று கணக்குப் போட்டால் உங்கள் ஆறு மாவுக்கு 13,600 ரூபாய் சொச்சம் வரும். சில வருடங்களில் அரசு கூட்டிக் கொடுத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்கும் 20,000 கொடுத்தார்கள். இதற்கு இடுபொருள் மானியம் என்றுதான் பெயர். விதைக்கும் உரத்துக்கும் போட்ட காசில் ஒரு பங்கு, அவ்வளவே. நெல்லுக்கு விலை இல்லை. நடவு ஆளுக்குக் கொடுத்த கூலியைக்கூட இது கட்டாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

கேள்வி: சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டியிருந்தேன். அடுத்த ஊருக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை. ஏன்?
- வாசகர், நன்னிலம்

பதில்: தம்பி, காப்பீட்டில் மகசூல் இழப்புக்கு உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை. வருவாய் கிராமம்தான் அலகு. குலுக்கலில் எடுத்த சில வயல்களில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுவடைப் பரிசோதனை நடக்கும். அந்தச் சராசரி, உங்கள் ஊருக்கு முன்பே நிர்ணயித்த உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால்தான் இழப்பீடு. வரும் தையில் உங்கள் ஊரில் எந்தப் புல எண் விழுந்திருக்கிறது என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே கேட்டு, அறுக்கும்போது நாலு பேராகப் போய் நில்லுங்கள். அரசு நிவாரணம் இதிலிருந்து தனி. அதற்கு உங்கள் பெயர் பட்டியலில் உள்ளதா என்று வேறாக விசாரிக்க வேண்டும்.