அறை நடுவில் பேஸ் கேட்கவில்லை: பதில்

பேஸ் எனும் கனத்த தாழ்ஒலியைத் தரும் ஸ்பீக்கரான சப்வூஃபரைக் குறை சொல்லாதீர்கள். 4 மீட்டர் அறையின் நடுவில் உட்கார்ந்தால் பேஸ் காணோம், சுவரோரம் போனால் அதிர்கிறது என்கிறீர்களே, அது நிலை அலையின் (சுவர்களுக்கிடையே நகராமல் நின்ற இடத்திலேயே அதிரும் அலை) வேலை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 43 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8 மீட்டர். அதில் பாதி உங்கள் அறைக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. போகிற அலையும் சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் சேர்ந்து, சுவரை ஒட்டி அழுத்த மாற்றம் உச்சத்தில் நிற்கும், நட்டநடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். காதுக்குத் தெரிவது அந்த அழுத்த மாற்றம்தான்.

ஈக்வலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண்ணின் அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 43 ஹெர்ட்ஸை ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கேட்கும். மெல்லிய நுரைப் பலகையும் வீண் செலவு. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டரில் போட்டுப் பாருங்கள். சரியாக 1 மீட்டரில் வேண்டாம், அங்கே இதே காரணத்தால் 86 ஹெர்ட்ஸ் காணாமல் போகும்.